கல் இல்லாத கோல்தார்

1

காரைக்காலிலிருந்து சதாசிவம் கடிதம் போட்டிருக்கிறார். அவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சு வாத்தியாரிடம் காதைத் திருகக் கொடுத்தவர்கள். அவர் அங்கேயே தங்கித் தமிழாசிரியர் ஆனார். நான் கப்பலேறி மொரீஷியஸுக்கு வந்து ரோடு ஓவர்சீயர் ஆனேன். இப்போது அவரும் இன்னும் சில ஆசிரியர்களும் சேர்ந்து கலைச்சொல் பட்டியல் ஒன்று தயாரிக்கிறார்களாம். அதற்காக என்னிடம் ஒரு கேள்வி: ‘உங்கள் தீவில் சாலைக்கு மேல் போடும் பூச்சை என்ன சொல்லால் வழங்குகிறார்கள்? அது எங்கிருந்து வந்தது? பொருள் என்ன? சுருக்கமாக எழுதவும்.’

சுருக்கமாகத்தான் எழுதினேன். ஓர் அஞ்சலட்டையில் ஆறு வரி. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். பொய் ஒன்றும் இல்லை, ஆனாலும் எனக்கே பிடிக்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

அந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றுதான் சேன் பியேரில் எங்கள் முருகன் கோயிலில் பூசத்துக்குக் கொடி ஏறியது. நாளைக்குக் காவடி. போன பூசத்தன்று என் ரோட்டில் நடந்ததைச் சொல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுத எனக்குத் துணிவில்லை. ஆறு வரி கேட்டவருக்கு இத்தனை பக்கம் வருகிறது. பட்டியலில் இடமில்லை என்றால் தம்முடைய பத்திரிகையில் போட்டுக்கொள்ளட்டும். அதில் எப்போதும் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

2

இங்கே சொல் ஒன்றல்ல, மூன்று.

முதல் சொல் மக்கதாம். கருங்கல்லைச் சுத்தியலால் உடைத்து, பெரியதைக் கீழேயும் சிறியதை மேலேயும் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கினால் மக்கதாம். நம் ஊர்க் கப்பி ரோடு. இரண்டாவது கோல்தார். டிரம்மில் வரும் அந்தக் கருப்பு. விறகு வைத்துக் காய்ச்சி, பூவாளியில் மொண்டு அந்தக் கல்லின் மேல் ஊற்றுவது. ஊற்றி முடித்த ரோட்டுக்கும் அதே பெயர்தான். மூன்றாவது சொல் குத்ரோன். அதுவும் கோல்தார்தான், ஆனால் தோட்டத்துத் துரைமார் வாயில் வரும்போது மட்டும்.

நான் வந்தது, கரும்புத் தோட்டங்களில் கலகம் நடந்து, துப்பாக்கிச் சூட்டோடு அடங்கிய மறு வருடம். போர்ட் லூயியில் மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து துணி கிழிப்பதாகத்தான் ஏற்பாடு. எனக்குத் துணியை நேராகக் கிழிக்க வரவில்லை. பிரெஞ்சும் கொஞ்சம் ஆங்கிலமும் படிக்கத் தெரியும் என்பதால் மாமா என்னை மராமத்து இலாகாவில் தள்ளிவிட்டார். அங்கே பூர்த்தி செய்யும் பாரம் எல்லாம் ஆங்கிலத்தில். இன்ஜினியர் பேசுவது பிரெஞ்சு. ரோட்டில் கல் உடைப்பவர்கள் பேசுவது கிரியோல். காலையில் ஒரு மொழியில் திட்டு வாங்கி, பத்து மணிக்குள் இன்னொரு மொழியில் அதை இறக்கி வைப்பது என் உத்தியோகம்.

முதல் நாள் கல் உடைக்கும் பெண்களிடம் போய், காரைக்கால் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில், ‘அம்மணிகளே, தயவுசெய்து இன்னும் சற்றுச் சிறியதாக உடைப்பீர்களா’ என்று கேட்டேன். சுத்தியல் எல்லாம் நின்றுவிட்டது. அவர்களை அதுவரை யாரும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. சிரித்து ஓய ஒரு கால்மணி நேரம் ஆயிற்று. என் பிரெஞ்சு அன்றோடு சரி. பிறகு ரோட்டோரம் பொறுக்கிய கிரியோல்தான் எனக்குச் சோறு போட்டது. எவ்வளவு ஊறிப்போனது என்றால், ஒருமுறை தங்கைக்கு எழுதிய கடிதத்தில் ‘புதிய சிமே போடுகிறோம்’ என்று எழுதிவிட்டேன். சிமே என்றால் என்ன பலகாரம் அண்ணா என்று கேட்டு எழுதியிருந்தாள். சிமே என்றால் ரோடு, அவ்வளவுதான்.

இலாகா பாரத்தில் ‘மேற்பரப்பின் தன்மை’ என்று ஒரு கட்டம் உண்டு. பாதி கல்லாகவும் பாதி தாராகவும் இருந்த ஒரு ரோட்டுக்கு இரண்டையும் எழுதி அனுப்பினேன். ‘ஒரு சொல் மட்டும்’ என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. எது நீளமோ அதை எழுதினேன். ‘மிச்சம் எங்கே’ என்று திரும்பி வந்தது. மூன்றாவது தடவை வெறுத்துப்போய் ‘ரோடு’ என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

3

சொல்லின் பூர்வீகத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் என் மகள் சாவித்ரி. போன வருடம் அவளுக்குப் பதினெட்டு. இங்கிலாந்துக்குப் போய் நர்ஸ் படிப்புப் படிக்க வேண்டும் என்று மனுப் போட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள். இந்தத் தீவில் இப்போது பெண் பிள்ளைகள் பலர் அப்படிப் போகிறார்கள். சுதந்திரம் வரும் வரும் என்று ஒரு பக்கம் கூட்டம் நடக்கிறது, இன்னொரு பக்கம் பெட்டி கட்டுகிறார்கள்.

நான் தமிழில் கேட்டால் அவள் கிரியோலில் பதில் சொல்வாள். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அவள் அம்மா இங்கேயே பிறந்தவள். தேவாரமும் திருப்புகழும் தமிழில் பாடுவாள், உப்பும் புளியும் கிரியோலில் கேட்பாள். இருவரையும் திருத்தப் பார்த்து நான்தான் தொண்டை வறண்டேன். அப்பா, அம்மா, மாமா, அக்கா, கோயில், காவடி, இவை மட்டும் மகள் வாயில் தமிழாக நின்றன. எனக்கு அது ஆறாத குறை. மறைக்கவில்லை.

ஒரு நாள் பள்ளி நூலகத்திலிருந்து தடித்த அகராதி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

“அப்பா, உங்க மக்கதாம் ஒரு ஆளோட பேர், தெரியுமா?” கிரியோலில்தான் கேட்டாள், நான் தமிழில் எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர். கல்லை ஒரே அளவாக உடைத்துப் போட்டால் ரோடு தாங்கும் என்று கண்டு சொன்னவர். அவர் குடும்பப் பெயரே ரோட்டுக்கு ஆகிவிட்டது. மக் என்றால் அவர்கள் பாஷையில் மகன். ஆதாமுடைய மகன். கோல்தார் நிலக்கரியிலிருந்து வடித்த தார், ஆங்கிலம். குத்ரோன் அரபிக்காரர்களின் கத்ரான், மத்தியதரைக் கடலைத் தாண்டிப் பிரெஞ்சுக்குள் வந்தது. நாம் தமிழ் என்று நினைத்துச் சொல்லும் தார்கூட ஆங்கிலம்தான். அதற்கும் மூலம் தேடிப் போனால் மரம் என்ற சொல்லில் போய் நிற்கிறதாம், முதலில் மரத்திலிருந்து வடித்ததால். காரைக்காலில் தோணிக்குப் பூசுவோமே கீல், அதுதான் நமக்கென்று இருந்த சொல் என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். அவள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் இந்தக் கதையை வீராம்மாவிடம் சொன்னேன். வீராம்மா என் கல் உடைக்கும் கூட்டத்தின் தலைவி. என் வயதுதான் இருக்கும். அவள் அப்பா கலகத்தின்போது வேலை நிறுத்தத்தில் நின்றவர். தோட்டத்தில் குடியிருந்த குடிசை போய், குடும்பமே ரோட்டு வேலைக்கு வந்தது. அன்று எடுத்த சுத்தியலை அவள் கீழே வைக்கவில்லை. இடுப்பில் ஒரு கோணி, உட்கார ஒரு கோணி, வெறுங்கால். கல் சில்லுக்கு ஒரு கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, அந்தக் கண் நிரந்தரமாகவே சுருங்கிவிட்டது. எதைச் சொன்னாலும் நம்மைச் சந்தேகிப்பதுபோல் இருக்கும்.

“அந்த மிசியே கல் உடைச்சாரா?” என்றாள். ஐயா என்பதற்கு இங்கே மிசியே.

“இல்லை. எப்படி உடைக்கணும்னு சொன்னார்.”

“எவ்வளவு பெருசா?”

“உடைக்கிறவன் வாய்க்குள்ளே போற அளவுன்னு ஒரு கதை உண்டு.”

வீராம்மா பக்கத்திலிருந்த ஒரு கல்லை எடுத்துப் பார்த்தாள். “பசிச்ச வாயா, சாப்பிட்ட வாயா? அதைக் கேட்டீங்களா?”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

4

எங்கள் காவடி, ஊருக்கு வெளியே ஓடும் ஆற்றங்கரையில் புறப்படும். அங்கிருந்து கோயில் இரண்டு மைல். வழி நெடுக மக்கதாம். பத்து நாள் விரதமிருந்த ஜனங்கள், மஞ்சள் உடுத்தி, வெறுங்காலோடு அந்தக் கல்லில்தான் நடப்பார்கள். வீராம்மாவும் அவள் கூட்டமும் வருடம் தவறாமல் பால்குடம் எடுப்பவர்கள். தாங்களே உடைத்த கல்லின் மேல் நடப்பார்கள். என் மனைவியும் எடுப்பாள்.

நான் நடந்ததில்லை. ரோட்டு அதிகாரி என்று ஓரத்தில் நின்று லாரிகளை நிறுத்தி வழிவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த வாரம் இலாகா கொடுத்த பூட்ஸ் காலில் ஏறியது. ஒரு ஜோடி தேய்ந்தால் அடுத்த ஜோடி. பகலில் அது இல்லாமல் நான் வாசலைத் தாண்டியதில்லை.

போன வருடம் மனைவிக்கு முழங்கால் வீக்கம். பால்குடம் நின்றுபோகுமே என்று அழுதுகொண்டிருந்தவளிடம் சாவித்ரி, “நான் எடுக்கிறேன், அம்மா” என்றாள். யாரும் சொல்லாமல், அவளாகவே. எனக்கு நம்ப முடியவில்லை. அவள் விரதமிருப்பதும், கோணல்மாணலாகச் சேலை கட்டிப் பழகுவதும், கண்ணாடிமுன் தலையில் செம்பை வைத்து நடந்து பார்ப்பதும் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. கூடவே ஒரு பயம். அந்தப் பாதம் ஷூவும் சாக்ஸும் போட்டு வளர்ந்தது. இரண்டு மைல் கல்லை எப்படித் தாங்கும்?

சரியாக அந்த மார்கழியில்தான் உத்தரவு வந்தது. கோயில் முனையிலிருந்து அரை மைல் தூரத்துக்குக் கோல்தார் போடலாம். பூசத்துக்கு முன்பா பின்பா என்பதை இன்ஜினியர் என்னிடமே விட்டுவிட்டார். முன்பே போடுவது என்று முடிவு செய்தேன். ஊருக்குப் பரிசு என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உள்ளபடி சொன்னால், கடைசி அரை மைல், கால் ஓய்ந்துபோகும் இடத்தில், என் மகள் மெத்தென்று நடந்து வர வேண்டும். வேறொன்றும் இல்லை.

அதோடு விட்டேனா. தார் ஊற்றியதும் அதன் மேல் சின்னச் சல்லியைத் தூவி உருளை ஓட்டுவது முறை. இருபது வருடத்தில் ஒருமுறைகூட நான் அதை மாற்றியதில்லை. இந்தத் தடவை, சல்லி வேண்டாம், காலில் குத்தும், ஆற்று மணலை மட்டும் தூவுங்கள் என்று சொன்னேன்.

வீராம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

“கல் இல்லாம கோல்தாரா, மிசியே?”

“காவடிக்கு நல்லா இருக்கும். வழவழன்னு.”

“கல்லுதான் அதைப் பிடிச்சு வைக்குது. வெயில்ல இது எழும்பும்.”

“தினம் காலையிலே நானே நடந்து பாக்கறேன், போதுமா?”

அவள் என் பூட்ஸைப் பார்த்தாள். அந்தச் சுருங்கிய கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அது பூட்ஸுக்கு ரோடு, மிசியே. காலுக்கு இல்லை. பூசம் முடியட்டும், அப்புறம் போடுங்க. நாங்க கல்லுல நடந்து பழகினவங்க.”

“எத்தனை வருஷமா ரோடு போடறேன், எனக்குத் தெரியாதா?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவள் மணல் எடுக்கப் போனாள்.

காரைக்காலில் தை மாதம் விடியற்காலையில் பனி. போர்வையை இழுத்து மூடிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவோம். இங்கே தை நடுக்கோடை. இது எனக்குத் தெரியாதா என்ன, வருடா வருடம் வியர்த்து வழிந்தவன்தானே. தெரிந்தும், பூசம் என்று நினைத்தவுடன் என் மனத்துக்குள் வந்தது அந்தப் பனியும் ஈர மண்ணும்தான். தினமும் காலை ஆறரை மணிக்குப் புது ரோட்டில் பூட்ஸோடு நடந்து பார்த்தேன். அசையவில்லை. திருப்தியாக வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தேன்.

5

பூசத்தன்று மேகம் ஒரு துண்டுகூட இல்லை. ஆற்றங்கரையில் அலகு குத்தி முடியவே ஒன்பது மணி ஆகிவிட்டது. சாவித்ரி மஞ்சள் சேலையில், அபிஷேகம் ஆகும்வரை பேசுவதில்லை என்று வாயை மஞ்சள் துணியால் கட்டிக்கொண்டு, பால்குடத்தைத் தலையில் ஏற்றினாள். எடுத்த காவடியை வழியில் இறக்கக் கூடாது, பின்வாங்கவும் கூடாது. கோயிலில் ஊற்றும்போது அந்த வெயிலிலும் பால் திரியாமல் இருக்க வேண்டும் என்பது இங்குள்ளவர்களின் பெரிய நம்பிக்கை. ஆகவே வேகமாகவும் நடக்க மாட்டார்கள், நிற்கவும் மாட்டார்கள்.

நான் புது ரோடு தொடங்கும் இடத்தில், வெள்ளைச் சட்டையில், மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்ப்பவன்போல் நின்றிருந்தேன். மேளம் நெருங்கி வந்தது. பதினொரு மணி இருக்கும். முதல் காவடிக்காரர் கோல்தாரில் கால் வைத்தார். இரண்டடி, மூன்றடி. நாலாவது அடியில் பாதத்தைத் தூக்க முடியாமல் தடுமாறினார். அவர் முதுகு விறைத்ததைப் பார்த்தேன். பின்னால் வந்தவரும் தடுமாறினார். குனிந்து பார்த்தேன். மணலையெல்லாம் விழுங்கிவிட்டு, தார் பளபளவென்று மேலே எழும்பி நின்றது.

ஓரத்தில் ஒதுங்கலாம் என்றால் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. அதற்கும் ரோட்டுக்கும் நடுவே வாய்க்கால். காவடி வளைவு அந்தப் பக்கம் நுழையவே நுழையாது. பின்னால் ஜனம் வந்துகொண்டே இருந்தது. முன்னால் போக முடியாது, பின்னால் போகக் கூடாது, இறக்கவும் கூடாது. அரோகரா என்ற குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றது. மேளமும் நின்றது.

கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் சாவித்ரி. அவள் ஏற்கெனவே கோல்தாருக்குள் நாலைந்து அடி வந்துவிட்டாள். குடம் தலையில் அசையவில்லை. வாய்க்கட்டுக்கு மேல் கண் இரண்டும் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்தாள், பிறகு மாற்றி வைத்தாள். என்னைப் பார்த்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. பேசாமல் பார்த்தாள்.

நான் எதை யோசித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி எறிந்தேன். எழுந்து நின்றேன். அப்போதுதான் நான் போட்ட ரோடு என்னவென்று எனக்குத் தெரிந்தது. அடுப்பில் கால் வைத்தமாதிரி இருந்தது, எடுத்தால் தோலையும் சேர்த்து இழுத்தது.

“கோணி! கோணி!” என்று யாரோ கத்தினார்கள். வீராம்மா. தன் குடத்தைப் பக்கத்திலிருந்த பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கல் உடைக்கும் கொட்டகைக்கு ஓடினாள். ரோட்டோரத்தில் ஐம்பதடி தள்ளி இருந்தது அது. அவளோடு அவள் கூட்டத்தில் குடமில்லாத நாலைந்து பேர். இடுப்பில் கட்டுகிற கோணி, உட்காருகிற கோணி, கல் சுமக்கிற கோணி, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து வாய்க்காலில் முக்கி, ரோட்டில் போட்டார்கள். கோணி என்ற சொல் கிரியோலிலும் கோணிதான். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மொத்தம் முப்பது கோணி இருந்தால் அதிகம். அரை மைலுக்கு எப்படிப் போதும்? கடைசியாக நடந்து முடித்தவர்கள் மிதித்த கோணியைப் பின்னாலிருந்து உரித்து எடுத்து, மறுபடி நனைத்து, முன்னால் கொண்டுபோய்ப் போட்டோம். நானும் எடுத்தேன், நானும் போட்டேன். தாரில் ஒட்டிய கோணியை உரிப்பது லேசல்ல. “மிசியே, அந்த ஓரம் பிடிங்க! இழுக்காதீங்க, சுருட்டுங்க!” என்று வீராம்மா எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டே ஓடினாள். நான் அவள் சொன்னபடி சுருட்டினேன். ஊர்வலம் கோணி மேல் கோணியாக, அடி அடியாக நகர்ந்தது. மேளம் மறுபடி தொடங்கியது. அந்த அரை மைல் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

கோயிலில் சாவித்ரியின் குடத்தைச் சாய்த்தார்கள். பால் திரியவில்லை. வெள்ளையாக விழுந்தது. வாய்க்கட்டை அவிழ்த்ததும் என் மகள் முதலில் சொன்னது, “அப்பா, ஊ லிப்பியே!” என்பதுதான். அப்பா, உங்க கால்! அவள் பாதத்தில் கொப்புளம், விரல் இடுக்கெல்லாம் கருப்பு. அதை விட்டுவிட்டு என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடமாக எந்தப் பாஷையை அவள் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தேனோ, அந்தப் பாஷையில் சொன்னாள். நான் கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் அழுதேன். இருவர் காலிலும் தேங்காயெண்ணெய் தடவித் தடவி வீராம்மாதான் தாரை எடுத்தாள். ஒரு வார்த்தைகூட அவள் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

6

மறுவாரம் இலாகாவுக்கு அறிக்கை எழுதினேன். ‘சேதத்தின் காரணம்’ என்று ஒரு கட்டம். ‘ஓவர்சீயரின் தவறு’ என்று எழுதினேன். அப்படி ஒரு காரணம் பட்டியலில் இல்லை. மழை, மாட்டு வண்டி, கரும்பு லாரி, இவற்றில் ஒன்றைக் குறிக்கவும் என்று திரும்பி வந்தது. மறுபடியும் அதையே எழுதி அனுப்பினேன். மறுபடியும் திரும்பியது. மூன்றாவது தடவையும் அதையே எழுதினேன். கடைசியில் அங்கேயே யாரோ அதை அடித்துவிட்டு, ‘வெயில்’ என்று எழுதிக்கொண்டார்கள். சூரியன்மேல் பழி போட்ட அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது.

சல்லி தூவி உருளை ஓட்டி ரோட்டைச் சரிசெய்ய உத்தரவாயிற்று. கோணி விழுவதற்கு முன்பு, முதல் வரிசைகள் நடந்த இடத்தில், காலடிகள் அப்படியே பதிந்து இறுகியிருந்தன. நூறு பாதம் இருக்கும். விரல் விரலாகத் தெரிந்தது. வீராம்மாவின் கூட்டம் சூடான தாரைத் தெளித்துச் சல்லியைத் தூவிக்கொண்டே வந்தது. ஓர் இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

“மிசியே, இங்க வாங்க.”

போனேன். ஒரு வலது பாதம். சுண்டுவிரல் சற்றே வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் அதே பாதம் பாதி மட்டும், இன்னொரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்துத் தடுமாறிய தடம்.

“இது பிள்ளையோட கால். இதுல நான் கல் போட மாட்டேன். நீங்க போடுங்க.”

கூடையை என் பக்கம் தள்ளினாள். நான் குனிந்து கையால் சல்லியை அள்ளினேன். முதலில் குதிகாலில் வைத்தேன், பிறகு நடுவில், கடைசியாக விரல்களில், ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு கல்லாக. வீராம்மா உடைத்த கல். அளவு மாறாமல், ஒன்றுபோல் ஒன்று. உருளை வந்து போயிற்று.

சதாசிவம், சொல்லுக்குப் பொருள் கேட்டீர்கள். அகராதியில் இருப்பதெல்லாம் மேலே எழுதிவிட்டேன், அது சரியாகத்தான் இருக்கும். மக்கதாம் என்பது அந்த ஸ்காட்லாந்துக்காரரின் பேர்தான் என்று வீராம்மாவிடம் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். “அவர் ஒருநாள் வெறுங்காலோட நடந்து பாத்தாரான்னு கேட்டு எழுதுங்க, மிசியே” என்றாள். நீங்கள் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் பட்டியலில் போடுங்கள். கப்பி என்றோ கீல் என்றோ போட்டால் எனக்குச் சந்தோஷம். பக்கத்தில் எங்காவது சின்ன எழுத்திலாவது, உடைத்தவர்கள் பெண்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஆவணியில் இங்கிலாந்திலிருந்து பதில் வந்து, சாவித்ரி கப்பலேறிவிட்டாள். அவள் கடிதங்கள் பிரெஞ்சில் வருகின்றன. உறையின் மேல் மட்டும் தமிழில் ‘அப்பா’ என்று எழுதுகிறாள். அந்த ஊர்ப் பனியில் பாதம் வெடிக்கிறதாம். அவள் அம்மா தேங்காயெண்ணெய் அனுப்பச் சொல்லி என்னைப் பிடுங்குகிறாள்.

மனைவியின் முழங்கால் இன்னும் ஆறவில்லை. ஆகவே நாளைக்குப் பால்குடம் நான் எடுக்கிறேன். பூட்ஸை இன்று மாலையே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கோயில் முனைக்கு அரை மைல் முன்னால், வாய்க்கால் வளையும் இடத்தில், ரோட்டின் இடது ஓரம் கல் சற்று நெருக்கமாக இருக்கும். மற்றவர்களுக்கு அங்கே வித்தியாசம் தெரியாது. நான் அதை மிதிக்க மாட்டேன், ஒரு கால் தள்ளி வைத்து, பக்கத்தில் நடப்பேன்.